இடக்கை தூக்கிய பிள்ளைகள்

கல்வியியல் துறை இரண்டாவது மாடியில் இருக்கிறது. நாற்பத்து நான்கு படிகள். இருபத்திரண்டாவது படியில் ஒரு திருப்பம், அங்கே ஒரு ஜன்னல், ஜன்னலடியில் கால் உடைந்த நாற்காலி ஒன்று. முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்த முதல் வருடம், அந்த நாற்காலியை ஏன் யாரும் அப்புறப்படுத்துவதில்லை என்று அலுவலகத்தில் இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது வருடம் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கப் பழகியிருந்தேன். ஆறாவது வருடம் ஒருநாள் அது அங்கே இல்லை. எங்கே போயிற்று என்று மறுபடியும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண், முன்பு எடுக்கச் சொன்னதும் நீங்கள்தானே என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

பதிவு செய்தபோது எனக்கு வயது அறுபத்து மூன்று. அந்த ஆண்டு சேர்ந்த பகுதிநேர ஆய்வாளர்கள் பதினான்கு பேரில் நான்தான் மூத்தவன். அடுத்தவருக்கு நாற்பத்தொன்று. 'இந்த வயதில் எதற்கு' என்று கேட்டவர்களை எண்ணிவந்தேன். ஐம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன், எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டது.

பதில் இதுதான். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்து, தலைமையாசிரியராகி, கடைசி ஒன்பது ஆண்டுகள் கல்வி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். அலுவலரின் முக்கிய வேலை ஆண்டாய்வு. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பள்ளிக்கும் போய், வகுப்பறையில் நின்று பாடம் நடப்பதைப் பார்த்து, பதிவேடுகளைப் புரட்டி, அறிக்கை எழுத வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் முந்நூற்றுப் பதினெட்டு ஆண்டாய்வுகள் செய்திருக்கிறேன். எல்லா அறிக்கைகளிலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'மாணவர்கள் ஆர்வத்துடன் கை உயர்த்திப் பதிலளிக்கின்றனர்.' ஓய்வு பெற்றபின் அந்த வரி என்னைத் தொந்தரவு செய்யத் தொடங்கியது. கை உயர்த்தினார்கள், சரி. எத்தனை பேர் உயர்த்தினார்கள்? அவர்களில் எத்தனை பேரை ஆசிரியர் கேட்டார்? பேருந்தின் ஜன்னல்களைக்கூட எண்ணுகிறவன் நான். எண்ணியிருக்க வேண்டிய இடத்தில் எண்ணாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை எண்ணிப் பார்க்கத்தான் ஆய்வில் சேர்ந்தேன்.

என் நெறியாளர் உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பத்தில் பிறந்தவர். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். கெட்டிக்காரர், கண்டிப்பானவர். எங்களுக்குள் ஒரே ஒரு சிக்கல், உட்காருவது. நான் அறைக்குள் நுழைந்தால் வயதுக்கு மரியாதையாக அவர் எழுந்துவிடுவார். நெறியாளர் நிற்கும்போது ஆய்வாளன் உட்காருவது முறையல்ல என்று நானும் நிற்பேன்.

"சார், நீங்க உக்காருங்க."

"நீங்க மொதல்ல உக்காருங்க மேடம்."

"அட, உக்காருங்க சார், நீங்க பெரியவங்க."

"இருக்கட்டுங்க, நீங்க கைடு."

இப்படியே பேசி, நாற்காலிகள் சும்மா இருக்க, என் முதல் மூன்று இயல்களையும் நாங்கள் நின்றுகொண்டேதான் விவாதித்தோம். பக்கத்து அறைப் பேராசிரியர் ஒருவர், இந்த அறையில் நாற்காலி பழுதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார்.

தரவு திரட்ட ஆறு பள்ளிகளைத் தேர்ந்தேன். அவிநாசிப் பக்கம் இரண்டு, தாராபுரம் பக்கம் இரண்டு, உடுமலைப் பக்கம் இரண்டு. பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிகள். பள்ளிக்கு ஆறு பாடவேளை வீதம் முப்பத்தாறு வகுப்புகளைப் பார்ப்பது என் திட்டம். வகுப்பின் கடைசியில் சுவரோரம் உட்கார்ந்துகொள்வேன். மடியில் ஓர் அட்டை, அதன்மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி கட்டங்கள் போட்ட தாள். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால், கை தூக்கிய பிள்ளையின் கட்டத்தில் ஒரு கோடு. ஆசிரியர் அந்தப் பிள்ளையைக் கேட்டால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம்.

முதல் பள்ளியில் ஒரு குழப்பம் வந்தது. நெடுநேரம் தூக்கிய கை வலித்தால் பிள்ளைகள் கை மாற்றிக்கொள்கிறார்கள். எங்கே ஒரே பிள்ளையை இரண்டு தடவை எண்ணிவிடுவேனோ என்று எனக்குப் பயம். அதனால் இரண்டாவது பள்ளியிலிருந்து, வலக்கை என்றால் கட்டத்தின் வலது ஓரத்தில் கோடு, இடக்கை என்றால் இடது ஓரத்தில் கோடு என்று மாற்றிக்கொண்டேன். நெறியாளர் பார்த்துவிட்டு, எந்தக் கை என்பது நம் ஆய்வுக்குத் தேவையில்லை, கணினியில் ஏற்றும்போது மொத்தம் மட்டும் போதும் என்றார். நான் மொத்தத்தை மட்டும் ஏற்றினேன். தாளில் ஓரத்தை விடவில்லை. இப்படிப்பட்ட பழக்கத்தால் வீட்டில் எவ்வளவோ பேச்சு வாங்கியிருக்கிறேன்.

முப்பத்தாறு வகுப்புகளும் முடிந்தபோது கிடைத்த முடிவு எங்கள் இருவரையும் அசத்தியது. ஒவ்வொரு கேள்விக்கும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கை தூக்குகிறார்கள். ஆனால் ஆசிரியர்கள் சிலரைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கை தூக்கித் தூக்கிக் காத்திருந்தும் ஒருமுறைகூட அழைக்கப்படாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தார்கள். அவர்களில் அதிகம் பேர் பின் வரிசை. ஆசிரியர்கள் பின் வரிசைப் பிள்ளைகளை, ஆர்வம் இருந்தும், ஒதுக்குகிறார்கள் என்று நான்காம் இயலை எழுதினேன். அறுபத்தொரு பக்கம். கோபத்தோடு எழுதினேன் என்றே சொல்ல வேண்டும். நெறியாளர் படித்துவிட்டு, இதுதான் உங்கள் ஆய்வின் உயிர் என்றார். இரண்டு கால நீட்டிப்புகளையும் வாங்கி முடித்திருந்தேன். பதிவு காலாவதியாக இன்னும் பதினொரு மாதம் இருந்தது. முடிவுரையும் ஆய்வேட்டுக்கு அட்டை கட்டும் வேலையும்தான் பாக்கி என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசிச் சரிபார்ப்புக்காகக் கட்டத் தாள்களைச் சாப்பாட்டு மேசைமேல் பரப்பியிருந்தேன். எதிரே என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளும் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் ஆய்வைப் பற்றி அதுவரை அவள் கேட்டதெல்லாம் இரண்டே கேள்விகள்: எப்போது முடியும், மதியச் சாப்பாட்டுக்கு வருவீர்களா.

அன்றைக்கு மூன்றாவது கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க, இந்தக் கோடு சிலதுக்கு எடது பக்கம் இருக்குது, சிலதுக்கு வலது பக்கம் இருக்குது. அது ஏனுங்க?"

கை மாற்றுவதைப் பற்றி விளக்கினேன். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்துத் தூரப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி அடுக்களையில் இருந்தது.

"எடது கை தூக்குன புள்ளைகள டீச்சர் கூப்புட்டாங்களா?"

தாளை வாங்கி எண்ணினேன். இடது ஓரக் கோடுகளில் ஒன்றுக்குக்கூட வட்டம் இல்லை. இன்னொரு தாளை எடுத்தேன். அதிலும் இல்லை. மூன்றாவது தாளில் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் நான் அழித்து எழுதியது.

"எப்புடிங்க கூப்புடுவாங்க?" என்று சிரித்தாள். "எடது கைன்னா தெரியாதுன்னு அர்த்தமுங்க. வலது கைன்னா தெரியும். ஆபீசர் வந்தா எல்லாரும் கை தூக்கோணும். நாங்க வலது கையா பாத்துக் கேட்டுக்குவோம்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லோணும்? நானே இருபத்தெட்டு வருசம் சொல்லிக் குடுத்திருக்கறேன்."

நான் பாடம் நடத்திய பள்ளிகளில் இந்தப் பழக்கம் இருந்ததில்லை. முந்நூற்றுப் பதினெட்டு ஆண்டாய்வுகளும் கண்முன் வந்து நின்றன, எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கியபடி. இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றேன்.

"நீங்க கேக்கலீங்களே. சொல்லியிருந்தா ஊரு ஊராப் போயி எல்லாரையும் புடிச்சுப்போட்டிருப்பீங்க. பாவம், டீச்சருங்க."

அவள் சொன்னது நியாயம்தான், பிடித்துத்தான் இருப்பேன். ஆனால் அப்போது எனக்கு நியாயம் அநியாயம் யோசிக்க நேரமில்லை. என் நான்காம் இயல் அறுபத்தொரு பக்கமும் தப்பு. ஆசிரியர்கள் ஒதுக்கிய பிள்ளைகள் என்று நான் யாரைப் பற்றி எழுதினேனோ அவர்கள், 'எனக்குத் தெரியாது, என்னைக் கேட்காதீர்கள்' என்று கை தூக்கியவர்கள். ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் அட்டையும் பேனாவுமாக வந்து உட்கார்ந்ததால், பாவம், அந்த ஆசிரியர்கள் ஆண்டாய்வு என்றே நினைத்து ஆண்டாய்வு முறையைக் காட்டியிருக்கிறார்கள். அவர்களைத்தான் நான் குற்றம் சாட்டியிருந்தேன்.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. என் இயல் தப்பு என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருத்தி என் மனைவி, அவளுக்கு இருபத்தெட்டு வருடம் ரகசியம் காத்த அனுபவம் உண்டு என்றுகூட யோசித்தேன். புறத்தேர்வாளர் கண்டுபிடிக்க வழியில்லை. கணினியில் மொத்தம் மட்டும்தான் இருக்கிறது. ஐந்தாவது நாள் காலை, அந்த ஆறு பள்ளிகளிலும் எனக்குத் தண்ணீர் கொடுத்த ஆசிரியர்களின் முகங்களை எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேர். ஆய்வேடு நூலகத்தில் போய் உட்கார்ந்தால் அவர்களைப் பற்றிய என் பொய்யும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்பத்து நான்கு படிகளையும் நிற்காமல் ஏறினேன்.

நெறியாளர் வழக்கம்போல எழுந்து நின்றார். நானும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாள்களைக் காட்டினேன். அவர் தன் இடக்கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார், ஏதோ கையில் ஒட்டியிருப்பதுபோல. பிறகு, முதல் முறையாக, எனக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"நானும் தூக்கியிருக்கேனுங்க சார்," என்றார். "மூணாங் கிளாஸ்ல. வகுத்தல் கணக்கு எனக்கு வரவே வராது. ஆபீசர் வந்த அன்னிக்கு இந்தக் கையத் தூக்கிட்டு நின்னேன். எப்புடிங்க மறந்தேன்?"

நானும் உட்கார்ந்தேன். இரண்டு வருடமாக அந்தத் தாள்களை நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறோம். அவருக்குத் தெரிந்து மறந்துபோன விஷயம், எனக்குக் கண்ணெதிரே நடந்தும் தெரியாத விஷயம். அவர் கோபப்படவில்லை. இயல் போனால் போகட்டும், முதலில் இது உண்மைதானா என்று உறுதி செய்யுங்கள், உங்கள் மனைவி சொன்னார் என்று ஆய்வேட்டில் எழுத முடியாது, ஆசிரியர்களிடமே கேட்டு வாருங்கள் என்றார். தரவு தேறினால் ஆய்வு தேறும். இல்லையென்றால் பதினொரு மாதத்தில் புதிதாகத் தொடங்க முடியாது, பதிவு போய்விடும். இதையும் சொல்லித்தான் அனுப்பினார்.

அடுத்த மூன்று வாரத்தில் ஆறு பள்ளிகளுக்கும் போனேன். அவிநாசிக்கு எங்கள் நகரத்தின் காந்திபுரத்தில் பஸ் ஏற வேண்டும், உடுமலைக்கு உக்கடம், தாராபுரத்துக்கு மட்டும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சிங்காநல்லூரில் கிடைக்கும். போன இடமெல்லாம் ஒரே கதை. இடக்கை விஷயத்தைச் சுற்றி வளைத்துக் கேட்பேன். ஆசிரியர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "அப்புடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார், டீ சாப்புடுங்க" என்பார். ஊர் முக்கிலுள்ள பேக்கரியிலிருந்து டீயும் தேங்காய் பன்னும் வரும். எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அதற்குப் பதிலாக வயிற்றை நிரப்பி அனுப்புவார்கள். ஆறு பள்ளியில் ஒன்பது டீ, ஏழு பன். ஒரு வரித் தகவல்கூட இல்லை. சர்க்கரை அளவு மட்டும் கூடியது.

வீட்டில் புலம்பினேன். உங்களைப் பார்த்தால் யாருக்குச் சொல்லத் தோன்றும், சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருக்கிறீர்கள் என்றாள் மனைவி. பிறகு, தாராபுரத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். அங்கே பக்கத்துப் பள்ளியில்தான் அவள் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது.

அன்று என்னைப் பள்ளி வேப்ப மரத்தடியிலேயே உட்காரச் சொல்லிவிட்டாள். தலைமையாசிரியையோடு உள்ளே போனாள். பத்து நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு இரண்டு பெண்கள் வயிறு குலுங்கச் சிரிக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் சிரித்தார்கள். மொத்தம் ஐந்து முறை. கடைசியில் தலைமையாசிரியை வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், ஆமாங்க சார், அப்படித்தான் என்றார். நீங்கள் என்றில்லை, யார் வந்தாலும் அப்படித்தான் என்று ஆறுதலும் சொன்னார்.

அதற்குமேல் அவர் சொன்னதுதான் என்னை மரத்தடியிலிருந்து எழ வைத்தது. அலுவலருக்காக மட்டும் இல்லையாம். அந்தப் பள்ளியில் தினமும் அதே பழக்கம்தான். தெரியாத பிள்ளை கையைக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளை கேலி செய்கிறது. எல்லோரும் கை தூக்கினால் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது ஆசிரியருக்கு மட்டும்தான் தெரியும். இடக்கைகளை மனதில் குறித்துக்கொண்டு, மதியத்துக்குமேல் அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து மறுபடி சொல்லிக்கொடுக்கிறார். என் மனைவி தலையாட்டிக்கொண்டே நின்றாள். நீயும் இதைத்தான் செய்தாயா என்று கேட்டேன். பின்னே, ஆபீசருக்காகவா இருபத்தெட்டு வருசம் செய்வாங்க என்று திருப்பிக் கேட்டாள்.

நெறியாளரிடம் சொன்னபோது அவர் உட்கார்ந்தே கேட்டார், நானும் உட்கார்ந்தே சொன்னேன். அது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆறு பள்ளிகளையும் திரும்பப் பார்க்க வேண்டும், ஆனால் நீங்கள் பார்க்கக் கூடாது என்றார். யாரைக் கண்டால் ஆசிரியர்கள் பயப்பட மாட்டார்களோ அவர் பார்க்க வேண்டும். இரண்டாவது பார்வையாளர் என்று என் மனைவியின் பெயர் ஆய்வுக் குழுவுக்குப் போனது. கல்வி அலுவலகத்தில் புதிய அனுமதிக் கடிதம் வாங்கினோம். முதல் பள்ளியில் எந்தக் கை என்று நான் குறிக்காத ஆறு தாள்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். அவற்றைத் தனி உறையில் போட்டு வைத்திருக்கிறேன், கிழிக்க மனம் வரவில்லை.

அடுத்த மூன்று மாதம் போல என் வாழ்க்கையில் வேறொரு மூன்று மாதம் இருந்ததாக நினைவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் காலை ஏழு மணிக்குக் கிளம்புவோம். அவளுக்கு ஜன்னலோரம். தக்காளி சாதம் ஒரு டப்பா, தயிர் சாதம் ஒரு டப்பா. திருமணமாகி நாற்பத்தொரு வருடத்தில் நாங்கள் சேர்ந்து போன பஸ் பயணங்களைவிட அந்த மூன்று மாதத்துப் பயணங்கள் அதிகம். பள்ளிக்கு முந்தின நிறுத்தத்திலேயே என்னை இறக்கிவிடுவாள். நான் ஏதாவது ஒரு பேக்கரியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். டீ வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருப்பாள். குடிப்பேன்.

அவள் வேலை செய்யும் விதம் எனக்குச் சரிப்படவில்லை. கோடு போடச் சொன்னால் புள்ளி வைத்தாள். முதல் நாள் தாளைப் பேக்கரியிலேயே வாங்கிச் சரிபார்த்தேன். பதிவேட்டின்படி அன்று வந்தவர்கள் இருபத்தெட்டுப் பிள்ளைகள், தாளில் இருபத்தேழு கட்டங்கள்தான். ஒரு பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

"அது தூங்கிட்டு இருந்துச்சுங்க."

தூங்கினாலும் கட்டம் போட வேண்டும் அல்லவா என்றேன்.

"தூங்கற கொழந்தைய எதுக்குங்க எண்ணறது? எந்திரிச்சா எண்ணிக்கலாம்."

பேக்கரிக்காரர் எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டே இரண்டு பன் எடுத்து வைத்தார். இருபத்தெட்டாவது கட்டத்தை நான் போட்டு, 'உறக்கம்' என்று எழுதினேன். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அது இருக்கிறது. பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.

அவள் தாள்களையும் என் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது விஷயம் விளங்கியது. நான் போனபோது எல்லாப் பள்ளிகளிலும் எல்லாக் கைகளும் மேலே. அவள் போனபோது நான்கு பள்ளிகளில் தெரிந்தவர்கள் மட்டும் கை தூக்கினார்கள், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தாராபுரத்தில் ஒன்று, உடுமலையில் ஒன்று, இந்த இரண்டு பள்ளிகளில் மட்டும் அவள் போனபோதும் எல்லாக் கைகளும் மேலே, இடக்கைகள் உட்பட. அந்த இரண்டு பள்ளிகளிலும் மறு வாரம் அதே பாடத்தில் அதே கேள்வி வந்தபோது, இடக்கைகளில் பல வலக்கைகளாக மாறியிருந்தன. குனிந்த தலைகள் இருந்த இடத்தில் அவ்வளவு மாற்றம் இல்லை. அலுவலரை ஏமாற்றப் பிறந்த ஒரு தந்திரம், சில ஆசிரியர்கள் கையில், யாருக்குத் தெரியாது என்று பிள்ளையை வெட்கப்பட வைக்காமல் தெரிந்துகொள்ளும் வழியாகிவிட்டது. நான்காம் இயலைத் திரும்ப எழுதினேன். இந்த முறை நாற்பத்து மூன்று பக்கம். கோபம் இல்லாததால் பதினெட்டுப் பக்கம் குறைந்தது என்று நெறியாளர் சொன்னார். பதிவு முடிய ஒன்பது நாள் இருக்கையில் ஆய்வேட்டை ஒப்படைத்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு நான் தயாரானதைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். கேட்கப்படக்கூடிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, பதிலும் எழுதி மனப்பாடம் செய்தேன். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். தேர்வன்று அரங்கில் அறுபது நாற்காலிகள், முப்பத்தொரு பேர். மனைவி கடைசி வரிசையில், தாராபுரம் தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவரும் விடுப்புப் போட்டு, சொந்தச் செலவில் வந்திருந்தார். இரண்டு பேரும் எதையோ மென்றுகொண்டிருந்தார்கள்.

வெளி மாவட்டத்திலிருந்து வந்த புறத்தேர்வாளர் நிதானமான மனிதர். பதினேழு கேள்விகள் கேட்டார். பதினாறும் என் நோட்டில் இருந்தவை. பதினேழாவது இது: உங்கள் முன்னால் ஆசிரியர்கள் ஒரு மாதிரி நடந்துகொண்டார்கள், உங்கள் மனைவி முன்னால் வேறு மாதிரி. யாருமே பார்க்காதபோது அந்த வகுப்பில் என்ன நடக்கிறது?

நோட்டைப் பக்கம் பக்கமாக மனதுக்குள் புரட்டினேன். இல்லை. ஏதாவது சுற்றி வளைத்துச் சொல்லலாம், முப்பத்தைந்து வருட உத்தியோகம் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நெறியாளரைப் பார்த்தேன். அவர் மேசைமேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்திருந்தார். கடைசி வரிசையில் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"அது எனக்குத் தெரியலீங்க," என்றேன்.

புறத்தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். அதை அப்படியே முடிவுரையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள், வரம்புகள் என்ற தலைப்பின்கீழ், என்றார். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். கை தட்டினார்கள். நெறியாளர் எழுந்து நின்றார், நானும் எழுந்து நின்றேன், கொஞ்ச நேரம் இருவரும் உட்காரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் கொடுத்தேன். முனைவர் என்று கூப்பிட வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"தெரியலைன்னு நீங்க சொல்லி இன்னைக்குத்தானுங்க கேக்கறேன்," என்றாள். "நாப்பத்தொரு வருசத்துல."

அது எப்படி, எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன் என்றேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாப்போம் என்றாள். திருமணமான முதல் வருடத்திலிருந்து வரிசையாக யோசிக்க ஆரம்பித்தேன். சுங்கம் தாண்டி, ராமநாதபுரம் தாண்டி, சிங்காநல்லூரில் இறங்கும் வரை யோசித்தேன். ஒன்றுகூட வரவில்லை.